ஏழு கையெழுத்து போதாது: தொழிற்சங்கப் பதிவு எங்கே சிக்குகிறது

"ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் சங்கம் பதிந்துவிடலாம்." தொழிற்பேட்டை டீக்கடைகளில் இன்றும் ஓடும் பேச்சு இது. 2002 ஜனவரி வரை இது முழு உண்மையாக இருந்தது. 1926 ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்தின் 4 ஆவது பிரிவில் கொண்டுவந்த திருத்தம் அமலுக்கு வந்த பிறகு பாதி உண்மைதான். விண்ணப்பத்தில் கையெழுத்திட ஏழு பேர் போதும். ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் அந்த நிறுவனத்தில் அல்லது தொழிலில் வேலை செய்யும் தொழிலாளர்களில் 10 சதவீதம் பேர், அல்லது 100 பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஏழுக்குக் கீழே போகக் கூடாது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 40 பேர் வேலை செய்யும் பட்டறையில் 10 சதவீதம் என்றால் நான்கு பேர்தான், ஆனாலும் ஏழு பேர் வேண்டும். 400 பேர் உள்ள ஆலையில் 40 பேர். 1,000 பேரைத் தாண்டிவிட்டால், ஆலை எவ்வளவு பெரிதானாலும் 100 பேரோடு முடிந்தது. ஆகவே பெரிய ஆலைகளில் மொத்தத் தொழிலாளர் எத்தனை என்ற சண்டைக்கே இடமில்லை. சிறிய, நடுத்தர ஆலைகளில்தான் அந்தச் சண்டை வரும். ஒப்பந்தத் தொழிலாளர்களை உறுப்பினராகச் சேர்த்தால் "அவர்கள் எங்கள் ஆட்களே இல்லை" என்பார்கள் நிர்வாகத்தினர். 10 சதவீதத்தைக் கணக்கிடும்போது அதே ஒப்பந்தத் தொழிலாளர்களை மொத்தத்தில் சேர்த்து எண்ணிக்கையை ஊதிக் காட்டுவார்கள். இதற்குப் பதில் சட்டத்தின் விளக்கப் பிரிவிலேயே இருக்கிறது. தகராறு எந்த முதலாளியோடு வருகிறதோ அவரிடம் நேரடியாக வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், ஒரு தொழிலில் வேலை செய்யும் எல்லோரும் இந்தச் சட்டத்தின்படி தொழிலாளர்களே. ஒப்பந்தத் தொழிலாளர் தாராளமாக உறுப்பினராகலாம். அப்ரண்டிஸ் நிலைமை வேறு. 1961 ஆம் ஆண்டு பயிற்சியாளர் சட்டம் அவர்களைத் தொழிலாளர் அல்ல, பயிற்சி பெறுபவர் என்றே சொல்கிறது. குறைந்தபட்ச எண்ணிக்கையை எட்ட அவர்களை நம்பாதீர்கள்.

2025 நவம்பர் 21 அன்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. எண்ணிக்கை விதியில் அது கை வைக்கவில்லை. கீழே பெரும்பாலும் பழைய பிரிவு எண்களையே சொல்கிறேன். நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கின்றன, அலுவலகங்களிலும் அந்த எண்களில்தான் பேசுகிறார்கள். மாறியிருப்பதை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

இனி கையெழுத்துக்கு வருவோம். பலர் கவனிக்காமல் விடும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. விண்ணப்பித்த பிறகு சிலர் விலகிவிட்டாலோ, "எனக்கும் இந்தச் சங்கத்துக்கும் சம்பந்தமில்லை" என்று பதிவாளருக்கு எழுதிக் கொடுத்தாலோ விண்ணப்பம் செல்லாததாகிவிடாது. ஆனால் அப்படி விலகுபவர்கள் விண்ணப்பதாரர்களில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஏழு பேர் மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தால் நான்கு பேரை மடக்கினாலே விண்ணப்பம் ஆட்டம் காணும். நான்கு பேரை மேலாளர் அறைக்குத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேச ஒரு ஷிஃப்ட் நேரம் போதும். 30 பேர் கையெழுத்திட்டிருந்தால் 16 பேரை மடக்க வேண்டும். விண்ணப்பதாரர் எண்ணிக்கைக்குச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. ஏழோடு நிறுத்துவது வெறும் பழக்கம், அதுவும் கெட்ட பழக்கம். படிவத்தில் இடம் போதாவிட்டால் அதே தலைப்புகளோடு இணைப்புத் தாள் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். உறுப்பினர் எண்ணிக்கையையும் இப்படியே பாருங்கள். 40 தேவை என்றால் 40 பேரோடு போகாதீர்கள், 70 பேராவது இருக்கட்டும். பதிவான பிறகும் அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கை எப்போதும் இருந்தாக வேண்டும். குறைந்தால் பதிவை ரத்து செய்ய அதுவே காரணமாகிவிடும்.

அந்த அளவுக்கு ஆள் சேராத சிறு பட்டறைகளுக்கு வேறு வழி உண்டு. ஏற்கெனவே பதிவான, அந்தத் தொழில் முழுவதையும் வட்டாரம் முழுவதையும் உள்ளடக்கிய பொதுச் சங்கம் ஒன்றில் உறுப்பினராகி, ஒரு கிளையாக இயங்கலாம். புதிய பதிவு தேவையில்லை, பதிவாளர் வாசலுக்கே போக வேண்டாம். ஆலையின் பெயரில் தனிச் சங்கம் வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். அதற்காக 12 பேரை வைத்துக்கொண்டு பதிவுப் போரில் இறங்குவது பெரும்பாலும் அந்த 12 பேரின் வேலையைப் பணயம் வைப்பதாக முடியும்.

பணயம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதிவுக்கு முன் சங்கம் கட்டுபவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு மிகவும் குறைவு. தொழில் தகராறு சட்டத்தின் 33 ஆவது பிரிவில் 'பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்' என்று ஓர் ஏற்பாடு இருந்தது. தகராறு நிலுவையில் இருக்கும்போது அப்படி அறிவிக்கப்பட்டவரை முன்அனுமதி இல்லாமல் வேலையை விட்டு நீக்க முடியாது. மொத்தத் தொழிலாளரில் 1 சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர். ஆனால் அவர் 'பதிவு பெற்ற' சங்கத்தின் நிர்வாகியாக இருக்க வேண்டும். சங்கம் கட்டியதற்காகப் பழிவாங்குவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று அதே சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை சொன்னது. ஆனால் வழக்குத் தொடுக்க அரசு புகார் தர வேண்டும், அல்லது அனுமதிக்க வேண்டும். தொழிலாளி நேராகக் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது.

பதிவின் அருமை புரிய நூறு வருடம் பின்னால் போக வேண்டும். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கியது. பி. பி. வாடியா தலைவர். செல்வபதி செட்டியாரும் ராமாஞ்சலு நாயுடுவும் செயலாளர்கள். திரு.வி.க.வும் அதில் முன்னணியில் இருந்தார். பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் தகராறு வந்தபோது, தொழிலாளரை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று நிர்வாகம் உயர்நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கியது, நட்டஈடும் கேட்டது. ஆலை வேலைநிறுத்தத்தைச் சிவில் சதி என்று கருதி, சங்கத் தலைவர்களின் சொத்தில் கை வைக்கலாம் என்பது அன்றைய நிலைமை. அந்த வழக்கின் அதிர்ச்சியில்தான் தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி, சங்கங்களுக்குச் சட்டம் வேண்டும் என்று மத்திய சட்டமன்றத்தில் வலியுறுத்தினார். 1926 சட்டத்தின் 17, 18 ஆவது பிரிவுகள் குற்றச்சதி, சிவில் வழக்கு இரண்டிலிருந்தும் தந்த பாதுகாப்பு அந்தச் சண்டையில் கிடைத்தது. அதுவும் பதிவு பெற்ற சங்கத்துக்கு மட்டும்தான். அதனால்தான் பதிவைத் தாமதப்படுத்துவது நிர்வாகங்களுக்கு இவ்வளவு லாபமாக இருக்கிறது.

அடுத்து சங்க விதிகள். விண்ணப்பங்கள் அதிகம் திரும்புவது இதில்தான். வேறொரு சங்கத்தின் விதிகளை அப்படியே எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுவதுதான் பெரும்பாலும் காரணம். 6 ஆவது பிரிவு கேட்பவை எல்லாம் விதிகளில் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும். சங்கத்தின் பெயர், நோக்கங்கள், பொது நிதியை எதற்கெல்லாம் செலவிடலாம், உறுப்பினர் பதிவேட்டை யார் எப்போது பார்வையிடலாம், யார் உறுப்பினராகலாம், சந்தா, அபராதம், விதித்திருத்தம், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும், நிதிப் பாதுகாப்பும் ஆண்டுத் தணிக்கையும், சங்கத்தைக் கலைக்கும் முறை. சந்தா ஆண்டுக்கு 12 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று திருத்தப்பட்ட பழைய சட்டம் சொன்னது. கிராமப்புறத் தொழிலாளருக்கு 1 ரூபாய், மற்ற அமைப்புசாராத் தொழிலாளருக்கு 3 ரூபாய். நிர்வாகிகளின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. பழைய சங்க விதிகளை நகலெடுத்தவர்கள் "மாற்றப்படும் வரை" என்று எழுதி மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பொது நிதி விதியில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று, "பொதுக்குழு முடிவு செய்யும் எந்தச் செலவுக்கும்" என்று திறந்து விடுவது. 15 ஆவது பிரிவு செலவினங்களைப் பட்டியல் போட்டுத்தான் அனுமதிக்கிறது. அந்தப் பட்டியலையே எழுதிவிடுங்கள். இன்னொன்று, தேர்தல் செலவைப் பொது நிதியிலேயே சேர்ப்பது. அரசியல் நிதி தனிக் கணக்கு. விருப்பப்பட்டவர் மட்டும் தருவது. தராதவரை உறுப்பினர் உரிமையில் ஒதுக்கக் கூடாது.

வெளியாட்கள் விதி இன்னும் சிக்கலானது. அமைப்புசார்ந்த தொழிலில், நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், எது குறைவோ அத்தனை பேர் மட்டும் வெளியிலிருந்து வரலாம். மற்ற அனைவரும் அங்கே உண்மையில் வேலை செய்பவராக இருக்க வேண்டும். ஒன்பது நிர்வாகிகள் என்றால் மூன்று பேர், பதினைந்து என்றால் ஐந்து, இருபத்தொன்று என்றாலும் அதே ஐந்து. அமைப்புசாராத் துறையில் பாதிப் பேர் வரை வெளியாளாக இருக்கலாம். இந்தக் கணக்கில் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் எல்லோரும் சேர்வார்கள், தணிக்கையாளர் மட்டும் சேரமாட்டார். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரை மட்டும் 'நிர்வாகி' என்று எண்ணிவிட்டு, குழுவில் ஆறேழு வழக்கறிஞர்களையும் மத்திய சங்கத் தோழர்களையும் போட்டால் விண்ணப்பம் திரும்பும். நிர்வாகிகள் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். உறுப்பினராக 15 வயது போதும் என்றது பழைய சட்டம்.

கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்? முதலில் அமைப்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. அதில் சங்கம் தொடங்கும் தீர்மானம், பெயரையும் விதிகளையும் ஏற்ற தீர்மானம், நிர்வாகிகள் தேர்வு, விண்ணப்பிக்க இன்னாருக்கு அதிகாரம் என்ற தீர்மானம் நான்கும் தனித்தனியாக வேண்டும். இந்த அதிகாரத் தீர்மானத்தைத்தான் அடிக்கடி மறக்கிறார்கள். அதோடு வருகைக் கையெழுத்துத் தாள். உறுப்பினர் சேர்க்கைப் படிவங்கள். சந்தா ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகள், அவற்றில் உள்ள தேதி விண்ணப்பத் தேதிக்கு முன்னால் இருக்க வேண்டும். விண்ணப்பதாரர்கள், நிர்வாகிகள் ஒவ்வொருவரின் பெயர், வயது, வேலை, வேலையிடம், முகவரி. அடையாள அட்டை அல்லது சம்பளச் சீட்டின் நகல். சங்கம் ஓராண்டுக்கு மேலாக இயங்கிவந்திருந்தால் சொத்து, கடன் அறிக்கை. புதிய சட்டத்தில் விண்ணப்பத்தோடு உறுதிமொழிப் பத்திரமும் உண்டு. தலைமை அலுவலக முகவரிக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் வைத்துக்கொள்ளுங்கள். சட்டம் அதைக் கேட்கவில்லைதான். ஆனால் "அப்படி ஒரு அலுவலகமே அங்கே இல்லை" என்ற புகார் வந்தால் ஒரே தாளில் அடைத்துவிடலாம். எல்லா நோட்டீஸும் அந்த முகவரிக்குத்தான் வரும், ஆளில்லாத வீட்டைக் கொடுத்து வைக்காதீர்கள்.

பெயரில் எழுத்து மாற்றம் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். சம்பளச் சீட்டில் ஒரு முன்னெழுத்து, ஆதாரில் இன்னொன்று, விண்ணப்பத்தில் அப்பா பெயர் விரிவாக. இந்த மூன்றும் பொருந்தவில்லை என்று கேள்வி கேட்டே ஒரு மாதத்தை ஓட்டிவிடலாம்.

விண்ணப்பம் உள்ளே போன பிறகு பதிவாளரின் வேலை என்ன? 8 ஆவது பிரிவின்படி, பதிவுக்குச் சட்டம் கேட்பவை எல்லாம் நிறைவேறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நிறைவேறியிருந்தால் பதிய வேண்டும். அவ்வளவுதான். இந்தச் சங்கம் தொழிலுக்கு நல்லதா, முதலீட்டாளர் முகம் சுளிப்பாரா என்பதெல்லாம் அவர் பார்க்க வேண்டியவை அல்ல. 1936 இலேயே கல்கத்தா உயர்நீதிமன்றம் உள்நாட்டு நீராவிக் கப்பல் தொழிலாளர் சங்கத்தின் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. ஆனால் தமிழ்நாட்டில் பதிவாளர் பொறுப்பைத் தொழிலாளர் துறை அலுவலர்களே வகிக்கிறார்கள். தகராறில் சமரசம் பேசுவதும் அதே துறைதான். ஒரே துறையின் ஒரு கையில் பேச்சுவார்த்தை, இன்னொரு கையில் பதிவுச் சான்றிதழ் என்றால், சான்றிதழும் பேரத்தில் ஒரு சரக்காகிவிடுகிறது. என் பார்வையில் மற்ற எல்லாத் தடைகளையும்விட இதுதான் பெரியது.

உறுப்பினர் பட்டியலைச் 'சரிபார்க்க' நிர்வாகத்துக்கு அனுப்பும் வழக்கமும் உண்டு. பதிவு நிலையில் நிர்வாகத்துக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றோ அவர்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்றோ 1926 சட்டம் எங்கும் சொல்லவில்லை. 7 ஆவது பிரிவு கூடுதல் விவரம் கேட்க அனுமதிப்பது விண்ணப்பதாரரிடம் மட்டும். ஆகவே விண்ணப்பத்தின் முகப்புக் கடிதத்திலேயே "உறுப்பினர் விவரங்களைச் சரிபார்க்க வேண்டுமானால் சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ., வருங்கால வைப்புநிதி எண்களைக் கொண்டு சரிபார்க்கலாம், அசலைக் கொண்டுவரத் தயார், பட்டியலை நிர்வாகத்திடம் தர வேண்டாம்" என்று எழுதிவிடுங்கள். மீறிக் கொடுத்துவிட்டார்கள், அதன் பிறகு பட்டியலில் இருந்தவர்களுக்கு இடமாற்றம் வந்தது என்றால், அந்தக் கடிதம் பின்னால் வழக்கில் உதவும்.

பெயர் விஷயத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து சாம்சங் ஆலையைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2024 நடுவில் சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம் பதிவுக்கு விண்ணப்பித்தது, சி.ஐ.டி.யு. என்ற மத்தியத் தொழிற்சங்கத்தின் துணையோடு. நிறுவனத்தின் பெயரைச் சங்கம் பயன்படுத்தக் கூடாது, அது வணிக முத்திரை என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. பதிவு நகரவில்லை. செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. சங்க அங்கீகாரமும் அதில் முக்கியக் கோரிக்கை. சங்கம் உயர்நீதிமன்றம் போனது. டிசம்பரில் நீதிமன்றம் ஆறு வாரத்தில் முடிவெடுக்கச் சொன்னது. 2025 ஜனவரி 27 அன்று பதிவு கிடைத்தது, அதே பெயரில்.

சட்டப்படி அந்த ஆட்சேபத்தில் பெரிய சரக்கு இல்லை. பெயரை மாற்றச் சொல்லப் பதிவாளருக்கு 7 ஆவது பிரிவு தரும் காரணம் ஒன்றே ஒன்று: ஏற்கெனவே உள்ள வேறொரு தொழிற்சங்கத்தின் பெயரோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருப்பது. வணிக முத்திரைச் சட்டம் வியாபாரத்தில் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது. தொழிற்சங்கம் குளிர்சாதனப் பெட்டி விற்பதில்லை. ஹூண்டாய், எம்.ஆர்.எஃப். பெயர்களில் சங்கங்கள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. ஆனாலும் இப்படி ஒரு கேள்வியைக் கிளப்பினால் மாதக்கணக்கில் இழுக்க முடியும் என்பதும் உண்மை. சண்டைக்குத் தெம்பில்லாத சிறிய சங்கம், ஊர்ப் பெயரையும் தொழிலையும் வைத்துப் பெயரிட்டுக்கொண்டு முதல் நாளிலேயே இந்தக் கதவை மூடிவிடலாம். பின்னால் மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினரின் சம்மதத்தோடு பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் வழிவிடுகிறது.

இழுத்தடிப்புக்கு வருவோம். பழைய சட்டத்தில் பதிவாளருக்குக் காலக்கெடுவே இல்லை. மறுத்தால் 11 ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. ஆனால் ஆணையே போடாமல் சும்மா இருந்தால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது? அதனால்தான் கையெழுத்திட்ட மறுப்பைவிட மௌனம் ஆபத்து. இதற்கு மருந்து அரசியல் சட்டத்தின் 226 ஆவது பிரிவில் ரிட் மனு போட்டு, முடிவெடுக்கக் கட்டளையிடும் பேராணை கேட்பது. 1958 இல் ஏ.சி.சி. ராஜங்கா சுண்ணாம்புக்கல் சுரங்கச் சங்கத்தின் வழக்கில், மூன்று மாதத்துக்கு மேல் சும்மா இருந்த பதிவாளரைக் கடமையைச் செய்யுமாறு பாட்னா உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. புதிய சட்டத் தொகுப்பு 45 நாள் கெடு வைத்திருப்பது நல்ல முன்னேற்றம். ஆனால் 45 நாள் தாண்டினால் தானாகப் பதிவானதாகக் கொள்ளும் ஏற்பாடு அதில் இல்லை. 46 ஆவது நாளும் வழக்கறிஞரைத்தான் தேட வேண்டும்.

அந்த மனு நிற்க வேண்டுமானால் தேதிகள் உங்கள் கையில் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் இன்னொரு பிரதி அனுப்புங்கள். இணையவழியில் விண்ணப்பித்தால் ஒப்புகை எண் வந்த திரையை அச்செடுத்து வையுங்கள். வாய்மொழியாகக் கேட்கும் கேள்விக்கும் எழுத்தில் பதில் கொடுங்கள்: "இன்று நேரில் கேட்டபடி இத்துடன் தருகிறோம்." ஒரு வாரத்துக்குள் பதில் போகட்டும். கடைசி வரியில் "இத்துடன் சட்டம் கோரும் அனைத்தும் நிறைவேறின, பதிவு செய்து தர வேண்டுகிறோம்" என்று தவறாமல் சேருங்கள். மூன்றாவது முறையும் புதுக் கேள்வி வந்தால், எல்லாக் கேள்வியையும் ஒரே தடவையில் கேட்குமாறு எழுதிக் கேளுங்கள். காத்திருக்கும் காலத்தில் கோரிக்கைகளை வைத்துத் தொழில் தகராறாக எழுப்புவதும் உதவும். கணிசமான தொழிலாளர் சேர்ந்து எழுப்பும் தகராறுக்குச் சங்கப் பதிவு தேவையில்லை. சமரசம் நிலுவையில் இருக்கும்போது, அந்தத் தகராறில் சம்பந்தப்பட்ட தொழிலாளரை நிர்வாகம் நினைத்தபடி நீக்க முடியாது. பதிவுக்கு முன் கிடைக்கும் கவசம் பெரும்பாலும் இது ஒன்றுதான்.

பதிவுக்கே போக முடியாதவர்களும் உண்டு. 1962 இல் சென்னை உயர்நீதிமன்றம், ராஜ்பவன் ஊழியர்கள் 'தொழில்' எதிலும் இல்லை என்று சொல்லி அவர்கள் சங்கத்துக்குப் பதிவில்லை என்றது. தமிழ்நாடு அரசு பதிவு பெறாத அலுவலர்கள் சங்கத்துக்கும் அதே முடிவு. காவல் துறையினருக்கு 1966 ஆம் ஆண்டுத் தனிச் சட்டமே தடை போடுகிறது. ஐ.டி. ஊழியர்களுக்கு அப்படித் தடை எதுவும் கிடையாது. சங்க உரிமையே தங்களுக்குக் கிடையாது என்று பலர் நம்ப வைக்கப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவே. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 87, 98 ஆவது ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) உடன்படிக்கைகள் இரண்டையும் இந்தியா இன்னும் ஏற்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

சான்றிதழ் கையில் வந்துவிட்டால் நிர்வாகம் பேச வந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பழைய மத்தியச் சட்டத்தில் அங்கீகாரத்துக்குக் கட்டாயம் எதுவும் இருந்ததில்லை. அரக்கோணம் எம்.ஆர்.எஃப். ஆலையின் சங்கம் இதற்காக ஐ.எல்.ஓ.வின் சங்க சுதந்திரக் குழு வரை புகார் கொண்டுபோக வேண்டியிருந்தது. புதிய சட்டத் தொகுப்பின் 14 ஆவது பிரிவு முதன்முறையாக நாடு முழுவதற்கும் 'பேச்சுவார்த்தைச் சங்கம்' என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் 51 சதவீதம் வைத்திருப்பவர் தனித்துப் பேசலாம். யாருக்கும் அந்த அளவு இல்லையென்றால் 20 சதவீதத்துக்கு ஒரு பிரதிநிதி வீதம் பேச்சுவார்த்தைக் குழு அமையும். 10 சதவீதத்தோடு பதிந்த சங்கம் இந்தக் குழுவில்கூட இடம் பிடிக்காது. சான்றிதழ் வந்த வாரமே உறுப்பினர் சேர்க்கையை மறுபடி தொடங்க வேண்டும், டிசம்பர் 31 வரையிலான கணக்கைத் தணிக்கை செய்து ஆண்டறிக்கையைக் கெடுவுக்குள் கொடுக்கவும் ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும். பாடுபட்டுப் பதிந்த சங்கங்கள் சில, ஆண்டறிக்கை தராத காரணத்தாலேயே இரண்டு மாத நோட்டீஸில் பதிவை இழந்திருக்கின்றன.